படகோட்டிக்கு வசனம் இல்லை

ஜூன் 12, வியாழன்

பஸ்ஸில் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. கிழக்கேகோட்டையில் ஏறி கழக்கூட்டத்தில் இறங்குவதற்குள், எதிரே இருக்கிற யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன வேலை பார்க்கிறார், இந்த நிமிஷம் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது. சரியா தப்பா என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் நான் இதில் இதுவரை தோற்றதே இல்லை.

இன்று மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டார்கள். உள்ளே இருட்டு, எதிர் சீட்டு முகமே தெரியவில்லை. போனில் நாவலைத் திறந்து முடித்தே விட்டேன்.

ஆபீஸ் வாசகர் வட்டத்துக்காகப் படித்தது. அனுஷா தேர்ந்தெடுத்த பழைய அமெரிக்க நாவல். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கறுப்பினப் படகோட்டி ஒருவன். வெள்ளத்தில் படகு கவிழ்ந்து ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரர் செத்துப்போகிறார். படகோட்டிதான் தள்ளிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டுகிறது. தினமும் அவன் படகில் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போன வெள்ளைக்கார டீச்சர் கதையைச் சொல்கிறாள். அவனைத் தூக்கில் போட்ட பிறகு, அவனுடைய காலிப் படகில் உட்கார்ந்து அவள் அழுகிற அத்தியாயம்தான் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும்தான். அடிக்கோடு கூடப் போட்டேன்.

மத்தியானம் வட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கோர்ட் அத்தியாயம் அவ்வளவு நீளம். அதில் படகோட்டி "ஆமாம் ஐயா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன்?

கேட்டேன். "அதுதான் பவர், ஜானவி. மௌனம்" என்றாள் அனுஷா. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டினேனே தவிர ஒப்பவில்லை.

கீழே கேன்டீனில் வன்னியராஜ் கவுண்டரில் டீ. நான் வருவதைப் பார்த்ததுமே போட ஆரம்பித்துவிடுவார். சர்க்கரை எப்போதும் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கேட்காமலே என் டீயை அறிந்து வைத்திருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் குடித்துவிடுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டே கதை கேட்டாள்.

"அவன் நிஜமா தள்ளலையோ?"

"இல்லேம்மா. வெள்ளத்துல கவுந்தது."

"அப்போ அதைச் சொல்லப்படாதோ, அசடு?"

"கேட்டாத்தானேம்மா சொல்லுவான்."

"ஆத்துக்காரி?"

கல்யாணம் ஆனவன் என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெண் நாவலில் எங்கேயும் வரவில்லை. "அவளைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா? என்னத்தை எழுதி வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த மடலை உரிக்கப் போய்விட்டாள். நான் திரும்பவும் தேடிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை. பேர்கூட இல்லை.

ஜூன் 19, வியாழன்

ஆண்டு விழாவில் நாவலின் கோர்ட் காட்சியை நாடகமாகப் போடுவதாக முடிவு. அனுஷா மலையாளத்தில் எழுதுவாள். விஜின் டைரக்‌ஷன், கூடவே ஜட்ஜ் வேஷமும். கல்லூரியில் நாடகம் போட்டவன், அதைத் தினம் ஒரு தடவையாவது நமக்கு நினைவுபடுத்துகிறவன். ஹரிஷங்கர் வக்கீல். நான் டீச்சர்.

படகோட்டிக்கு ஆள்?

ஹரிஷங்கர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு தானே இரண்டையும் செய்வதாகச் சொன்னான். அனுஷா பதறிவிட்டாள். வெள்ளைக்காரர்கள் அப்படிக் கறுப்பு பூசி நடித்துக் கேலி செய்த சரித்திரம் முழுக்கச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் எங்களுக்கும் அது தெரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். அப்போதுதான் விஜின்:

"தாழெ சாயக் கவுண்டரிலெ ஆ பாண்டி இல்லே? அயாளு மதி. மேக்கப்பே வேண்டா."

கீழே டீ போடுகிறவரே போதுமாம். தமிழர்களை இந்த ஊர் மலையாளிகள் எந்தத் தொனியில் பாண்டி என்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. சொன்ன பிறகுதான், என் வீட்டிலும் தமிழ் என்பது நினைவு வந்து, என் பக்கம் திரும்பினான். "சாரி, ஜானவி. நீயல்ல கேட்டோ."

யாரும் சிரிக்கவில்லை. அனுஷா யோசித்து, கேன்டீன் ஊழியர் ஒருவரும் நம்மோடு மேடை ஏறுவது நல்ல விஷயம்தானே என்றாள். உடனே அது நல்ல விஷயம் ஆகிவிட்டது. ஹரிஷங்கர், "வசனமே இல்லையே, பாஷைப் பிரச்சினையும் இல்லை" என்றான். அவரிடம் கேட்கிற பொறுப்பு எனக்கு. தமிழ் தெரிந்தவள் ஆயிற்றே.

ஒன்று எழுதிவிடுகிறேன். 'நீயல்ல' என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்படி இருந்தது?

ஜூன் 20, வெள்ளி

கேட்டேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். வன்னியராஜுக்கு நாற்பது வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நல்ல உயரம், நல்ல கறுப்பு, முறுக்கிவிட்ட மீசை. டீயைத் தூக்கி ஆற்றும்போது ஒரு சொட்டு வெளியே விழாது, அதை யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"நாடகமா? என்ன வேஷம் மேடம்?"

"ஒரு படகோட்டி. கொலை செஞ்சதா அவர் மேல பழி போடறாங்க. கோர்ட்ல நிக்கணும்."

"வசனம்?"

"இல்லை."

டவராவைக் கழுவிக் கவிழ்த்தார். "சும்மா நிக்கணும்."

"ஆமாம்."

"சரி மேடம். எங்க மேனேஜர்ட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேல நேரம்லா."

அவ்வளவுதான். பிடித்துச் சொன்னாரா, மறுக்க முடியாமல் சொன்னாரா? பஸ்ஸில் எத்தனை முகங்களைப் படித்தவள்! கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று இந்த ஒரு முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

முதல் ஒத்திகை. வன்னியராஜ் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இரண்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக் கூண்டு செய்தோம்.

விஜின் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். "சேட்டா, தல தாழ்த்தி. இன்னும். கண்ணுல பயம் வேணும், பயம்." தமிழில் சொல்வதாக நினைப்பு. வன்னியராஜ் தலையைக் குனிவார், ஒரு நிமிஷத்தில் தலை தானாக நிமிர்ந்துவிடும். மறுபடி அழுத்துவான்.

பக்கத்து டீம்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யாரோ போட்டோ எடுத்தான். ஒத்திகை முடிவதற்குள் ஆபீஸ் குரூப்பில் படம் வந்துவிட்டது. 'பெர்ஃபெக்ட் காஸ்டிங்' என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

நான் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை! ஒரு மனுஷனை இப்படி நிற்க வைத்து— சே. நான்தானே போய்க் கூப்பிட்டேன்? நல்ல காரியம், நல்ல காரியம்னு எல்லாரும் சொன்னா எனக்கு எங்கே போச்சு புத்தி? வீட்டுக்கு வந்து சாப்பாடே இறங்கவில்லை. அம்மா ரசம் விடட்டுமா என்று கேட்டதற்குக் கூடக் கத்திவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையிலேயே அனுஷாவைப் பிடித்தேன். படத்தைக் காட்டினேன். அந்தச் சுவரைப் பார்த்த பார்வையைப் பற்றிச் சொன்னேன். "அவர் இடத்துல நின்னு பாரு, அனுஷா. கறுப்பா இருக்கறதுக்காகவே ஒருத்தரைக் கூட்டிண்டு வந்து, தலை குனியச் சொல்லி, வாயை மூடிண்டு நிக்கச் சொல்றோம். நாவல்ல அந்த ஊர் பண்ணினதைத்தானே நாமும் பண்றோம்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை எடுத்துவிடச் செய்தாள். படகோட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நாற்காலி ஒன்றை வைத்து வெளிச்சம் போடலாம் என்று விஜினே சொன்னான். காலி நாற்காலி! எல்லோருக்கும் மெய்சிலிர்த்தது.

ஹரிஷங்கர் என் முதுகில் தட்டி, "நீதான் நாவலை நிஜமாகப் படித்தவள்" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று எழுதினால் பொய்.

கீழே போய் வன்னியராஜிடம் சொன்னேன். "நீங்க இனிமே வர வேண்டாம். நான் பேசி முடிச்சுட்டேன்."

"அப்படியா. சரி மேடம்" என்றார். டீயை நீட்டினார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஜூன் 30, திங்கள்

டீ வாங்கப் போனேன். "என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் அதே. "என்ன வேணும்?" டீ என்றேன். கொடுத்தார். அடுத்த ஆளிடமும் அதே குரலில் அதே கேள்வி.

என்னவாக இருக்கும்? தன்னைக் கேலி செய்ததை நான் பார்த்துவிட்டேன் என்ற கூச்சமா? மேனேஜர் ஏதாவது திட்டினாரா? ஊரில் ஏதாவது விசேஷமா, விபரீதமா? ஒருவேளை ஒன்றுமே இல்லை, கவுண்டரில் எல்லோரையும் கேட்கச் சொல்லி உத்தரவோ?

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை. ஒவ்வொரு ஊகமும் ஏறும்போது சரியாக இருக்கிறது. ஸ்ரீகார்யம் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

ஜூலை 3, வியாழன்

என் வசனத்தைப் படிக்க நாவலை மறுபடி திறந்தேன். ஜெயில் அத்தியாயம். டீச்சர் கூடையில் ரொட்டியும் கோழியும் எடுத்துக்கொண்டு போய் அவனைப் பார்க்கிறாள். எட்டுப் பக்கமாவது இருக்கும். அவன் கை எப்படி இருந்தது, கண் எப்படி இருந்தது, அதைப் பார்த்து இவள் நெஞ்சு என்ன பாடு பட்டது, எல்லாம் விலாவாரியாக வருகிறது. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் முதல் தடவை கண்ணில் படவில்லை.

அவள் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 'அன்றைக்கு ஆற்றில் என்ன நடந்தது?' என்று அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. அவள் நினைப்பதெல்லாம் சரி. அவன் குற்றவாளி இல்லை என்று ஊரில் அவள் ஒருத்திதான் நம்புகிறாள். ஆனால் அவனைக் கேட்காமலே நம்புகிறாள்.

இது எழுதியவர் தெரிந்து செய்ததா, தெரியாமல் விட்டதா? அனுஷா தெரிந்துதான் என்பாள். எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மாவிடம் அன்றைக்கு என்ன வாய்க்கொழுப்பாகச் சொன்னேன்? கேட்டாத்தானே சொல்லுவான்.

நான் வன்னியராஜிடம் கேட்டேனா?

ஜூலை 4, வெள்ளி

கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கூட்டம் போன பிறகு கவுண்டர் ஓரமாக நின்று, "உங்களுக்கு என்மேல ஏதாவது வருத்தமா?" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். "இல்லை, இருக்கு. சொல்லுங்க" என்றேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"யாரக் கேட்டு மேடம் எம்பேர வெட்டுனிய?"

நான் அசந்துபோனேன். "உங்களைக் கேலி பண்ணாங்களே. போட்டோ போட்டு—"

"பாத்தேன். எனக்கும் போன் இருக்குல்லா. கோவம் வரலன்னு சொன்னேனா? வந்துச்சு. அந்தக் கோவத்தோடயே நிப்பேன். அந்தக் கதையில நிக்கவனுக்கு மட்டும் கோவம் வராமலா இருந்திருக்கும்?"

"உங்க முகத்தைப் பாத்தேன். அப்படியே சுவத்தையே வெறிச்சுப் பாத்துட்டு நின்னீங்க. என்னால தாங்க முடியலை."

"சொவத்துல கடியாரம்லா இருக்கு! பால் வண்டி வார நேரம். உள்ள ஆளில்ல. வண்டிக்காரன் ஏறக்கிப் போட்டுட்டுப் போயிருவான்னு எனக்கு உசுரு போவுது. நீங்க அதப் பாத்துட்டு நாடகத்த விட்டே எடுத்துட்டிய!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் சொன்னார். ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம். அதில் பதினெட்டு வயதிலிருந்து அவர்தான் ராஜபார்ட். பிழைக்க இங்கே வந்த பிறகு கொடைக்கு லீவு கிடைப்பதில்லை. மேடை ஏறியே வருஷக்கணக்காகிறது. சும்மா நிற்கிற வேஷம்தான், ஆனாலும் மேடை. மனைவி செல்வமணி ஸ்ரீகார்யத்தில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கிறார். அவரிடம் சொல்லி, அன்றைக்கு லீவும் கேட்டு வைத்தாயிற்று. பெரிய ஆபீஸில் நாடகம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அவர்களிடம் என்ன சொல்வது என்றார்.

"வரமாட்டேன்னு நான் சொன்னேனா? நிக்கத் தெரியாதுன்னு எடுத்துட்டாங்க போலன்னு அவ நெனைக்கா. நானும் அதான் நெனச்சேன்."

இது ஒன்றுதான் என் ஊகங்களில் வரவே இல்லை. தன் நடிப்பு சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்!

மன்னிப்புக் கேட்டேன். பிறகு எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது: "உங்களுக்கு எந்த வேஷம் வேணும்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜட்ஜு" என்றார். மீசை லேசாக அசைந்தது.

ஜூலை 5, சனி

முதலில் கறுப்பாக இருக்கிறார் என்று நாங்களாகவே முடிவு செய்து கூட்டிவந்தோம். பிறகு வருத்தப்படுகிறார் என்று நானாகவே முடிவு செய்து அனுப்பினேன். இரண்டாவது தடவை எனக்குக் கைதட்டு வேறு.

ஜூலை 8, செவ்வாய்

இன்று சண்டை. எதிர்பார்த்ததுதான்.

வன்னியராஜ் மறுபடி வருகிறார், ஜட்ஜாக, என்றேன். ஜட்ஜ் வேஷம் விஜினுடையது என்பதால் அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். "ஜட்ஜ் வெள்ளைக்காரன்" என்றான்.

"நீ வெள்ளைக்காரனா?"

"ஜட்ஜுக்குத்தான் நிறைய வசனம். அயாளுடெ மலையாளம் பாண்டி மலையாளமல்லே? ஆள்கள் சிரிக்கும்."

"என்னோடதும் அதேதான்" என்றேன்.

"நீ அங்ஙனெயல்ல."

"எங்ஙனெ?"

சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் தமிழ்தான், அவர் வீட்டிலும் தமிழ்தான். நாங்கள் வந்து பல தலைமுறை, அவர் வந்து சில வருஷம். எந்த இடத்தில் நான் 'அப்படி' இல்லாமல் போகிறேன், எந்த இடத்தில் அவர் 'அப்படி' ஆகிறார்? விஜின் கையில் இருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தான். அவனுக்கும் தெரியவில்லை. கெட்டவன் இல்லை அவன். இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை.

"சரி. படகோட்டி யாரு அப்போ? காலி நாற்காலிதானா?" என்றாள் அனுஷா.

"விஜின்" என்றேன்.

"ஞானோ?"

அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன விதம்! தலை குனிந்து வாயை மூடிக்கொண்டு நிற்க நானா என்கிற அந்த வியப்பு. அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. அவன் காதுக்கும் கேட்டிருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் அனுஷா ஒரு வழி சொன்னாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் ஜட்ஜ் வசனத்தைப் பேசிக் காட்டட்டும். வட்டம் முடிவு செய்யட்டும்.

ஜூலை 9, புதன்

பஸ்ஸில் வரும்போது ஜட்ஜ் வசனம் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். மலையாளம் பேசுவாரே தவிர வாசிக்க வராது. வன்னியராஜ் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போதாது மேடம். நீங்க ஒருக்க சொல்லுங்க, நான் காதுல வாங்கிக்கிடுதேன்" என்றார். பால் பொங்கப் பொங்க மூன்று தடவை சொன்னேன். டீ குடிக்க வந்தவர்கள் நான் அவரைத் திட்டுவதாக நினைத்திருப்பார்கள். வசனம் அத்தனையும் தண்டனை கொடுக்கிற வசனம்.

ஜூலை 10, வியாழன்

முதலில் விஜின். நன்றாகவே செய்தான். குரலைத் தாழ்த்தி, சினிமா ஜட்ஜ் மாதிரி.

பிறகு வன்னியராஜ் எழுந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். ராஜபார்ட் குரல் எழுந்தது. கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். மலையாளம் முழுக்கத் திருநெல்வேலி வாசனை. இரண்டு இடத்தில் வார்த்தை புரண்டது. யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, அவர் அவளை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நானே குற்றம் செய்துவிட்டது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் முதலில் வாயைத் திறந்தது விஜின்தான். "எடோ, இயாளு கொள்ளாமல்லோ!" ஆள் பிரமாதமாகச் செய்கிறாரே என்று தன்னையும் மீறி வந்துவிட்டது. எத்தனை குறை சொன்னாலும் நாடகக்காரன். நல்லதைப் பார்த்தால் அவனால் மறைக்க முடிவதில்லை.

ஜூலை 14, திங்கள்

விஜின் தானே வந்து படகோட்டியாக நிற்பதாகச் சொன்னான். யோசித்துப் பார்த்தானாம், கதைக்கு மையமே அந்தப் பாத்திரம்தானாம். "மெயின் ரோல் அதல்லே?" நான் தலையாட்டினேன். அவனுக்கு இந்த வழியாக வந்து சேர வேண்டியிருக்கிறது. வந்தால் சரி.

முகத்துக்கு எதுவும் பூசுவதில்லை என்று முடிவு. அவன் அவனாகவே நிற்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

ஒத்திகை. வன்னியராஜ், விஜின் தோளைப் பிடித்து அழுத்தி, "தம்பி, தலய தாத்தணும். இன்னும்" என்றார். பழிக்குப் பழியா, இல்லை நிஜமான யோசனையா? ஊகிக்காமல் நேரே கேட்டுவிட்டேன். "ரெண்டும்தான் மேடம்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

முடிந்தது. ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அரங்கம் நிரம்பியிருந்தது. செல்வமணி பச்சைப் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. யாரும் அறிமுகம் செய்யாமலே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வன்னியராஜ் கறுப்பு அங்கியோடு நடந்து வந்தபோது பின்வரிசையில் "நம்ம சாயக்கடை சேட்டன்!" என்று ஒரு குரல். சிரிப்பு. அவர் உட்கார்ந்து, சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு அடங்கிவிட்டது.

என் வசனங்களைச் சொன்னேன். ஹரிஷங்கர் கத்தினான். கூண்டில் விஜின் தலைகுனிந்து நின்றான். சிலர் அவனைப் போட்டோ எடுத்தார்கள், ஆனால் அதில் யாருக்கும் வேடிக்கை எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. அதை நான் கவனித்தேன்.

கடைசியில் ஜட்ஜ் தீர்ப்பைப் படிக்க வேண்டும். அனுஷா எழுதியபடி, நாவலில் உள்ளபடி, நேரே தண்டனை. வன்னியராஜ் காகிதத்தைக் கையில் எடுத்தார். படிக்கவில்லை. கீழே வைத்தார். கூண்டைப் பார்த்துத் திரும்பி, மலையாளத்தை விட்டு, தன் ஊர்த் தமிழில்:

"ஒனக்கு ஏதாவது சொல்லணுமா? சொல்லு."

வசனத்தில் இல்லாத வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாட்டில் அனுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். விஜின் தலையை நிமிர்த்தினான். அவனுக்கு வசனமே கிடையாது. நாங்கள் யாருமே எழுதவில்லை. அரங்கம் முழுக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வன்னியராஜ் அவசரப்படவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"ஞான்..." என்றான் விஜின். அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் அந்த பயம் வந்திருந்தது. ஜூன் மாசம் முதல் ஒத்திகையில் அவன் வேறொருவர் கண்ணில் தேடிய பயம்.

வன்னியராஜ் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்துத் தீர்ப்பைப் படித்தார். விளக்கு அணைந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை.

உள்ளே போய் முதல் வேலையாக அவரைக் கேட்டேன். "ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"பின்ன? எதுத்தாப்பல ஒரு ஆளு வாயே தொறக்காம நிக்கான். ராஜபார்ட்டு பாட்டுக்குத் தீர்ப்பச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா எங்கூர்ல சனம் செருப்ப வீசும் மேடம். கேக்கணும்லா? தம்பி ஏதாவது எடுத்து விடுவாருன்னு பாத்தேன். கைவிட்டுட்டாரு."

நாவலில் டீச்சர் கேட்கவில்லை, ஜட்ஜ் கேட்கவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை. வட்டத்தில் நாங்கள் அழுதோமே தவிர கேட்கவில்லை.

செல்வமணி வந்தார். புருஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலப்பா கெட்டியிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்" என்றார்.

விஜின் மட்டும் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் ஊகிக்கவில்லை. "என்ன ஆச்சு?" என்றேன்.

"அத்தனை பேர் பார்க்கும்போது சொல்ல ஒண்ணும் கிட்டியில்லெடோ" என்றான். கொஞ்சம் கழித்து, "அயாளை ஞான் அன்னு என்னவெல்லாம் சொன்னேன் இல்லே?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல மழை. பஸ்ஸில் எதிரே ஒரு பெண், மடியில் பெரிய பாத்திரம், அதன் வாயில் துணி கட்டியிருந்தது. கோவில் பிரசாதமா, கல்யாண வீட்டுச் சமையலா என்று விளையாட்டு தானாக ஆரம்பித்தது. விட்டுவிட்டு அவரையே கேட்டேன். மீன்குஞ்சாம். வீட்டுத் தொட்டியில் வளர்க்கப் பையனுக்கு. துணியை விலக்கிக் காட்டினார்.

கவுண்டரில் விஜின் நின்றுகொண்டிருந்தான். அடுத்த வருஷத்துக்கு என்ன நாடகம் என்று வன்னியராஜோடு வாக்குவாதம். அவர் சரித்திர நாடகம்தான் வேண்டும் என்கிறார், வாள்சண்டையோடு.

என்னைப் பார்த்ததும் வன்னியராஜ் கேட்காமலே டீ போட ஆரம்பித்தார். பழையபடி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"வன்னியராஜ், எனக்குச் சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேணும்."

"இன்னைக்குக் கொறஞ்சு போச்சா?"

"எப்பவுமே குறைவுதான்."

டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்ரஹாரத்து ஆளுக சீனி கம்மியாத்தான் குடிப்பியன்னு நான் நெனச்சேன். இத்தன வருசமா சொல்லவே இல்லையே மேடம்?"

"நீங்க கேக்கவே இல்லையே."

விஜின் வெடித்துச் சிரித்தான். வன்னியராஜ் சிரிக்காமல், ராஜபார்ட் கம்பீரத்தோடு, இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கி நீட்டினார். இப்போது சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

அதையும் சொன்னேன்.